அங்கோர் வாட்டைத் தமிழன் கட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கம்போடியப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் எழுத்தில் பாதிக்கு மேல், பல வருடமாக வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிற அதே சரக்குதான்: உலகின் மிகப்பெரிய கோவிலைக் கட்டியவன் தமிழன், இரண்டாம் சூர்யவர்மன் சோழ ரத்தம், கல்லையெல்லாம் செதுக்கியது தமிழ்ச் சிற்பிகள், உலகம் இதை மறைக்கிறது. ஃபார்வர்டில் வந்தால் அழித்துவிட்டுப் போய்விடலாம். பத்திரிகையில் அச்சாகி வந்தால் பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள். என் பேத்தி ஒட்டியிருக்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்களும் குடும்பத்தோடு சியெம் ரீப் போய் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். போவதற்கு முன்னும் வந்த பின்னும் அதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் கெமர்கள். இன்றைக்கும் அந்த அகழியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் நெல் நடுகிற, டுக்டுக் ஓட்டுகிற, கோவில் வாசலில் இளநீர் வெட்டிக் கொடுக்கிற அதே மக்களுடைய முன்னோர்கள்.

இரண்டாம் சூர்யவர்மன் பட்டத்துக்கு வந்தது 1113இல். எப்படி வந்தான் என்பதையும் கல்வெட்டே பெருமையாகச் சொல்கிறது: போரில் எதிரி அரசனின் யானைமேல் பாய்ந்து, மலையுச்சியில் கருடன் பாம்பைக் கொல்வதுபோல அவனைக் கொன்றானாம். அவன் குடும்பத்துக்கு மகிதரபுர வம்சம் என்று பெயர். பூர்விகம் மூன் ஆற்றுப் பக்கம், அதாவது இன்றைய தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதி என்பது ஆய்வாளர்கள் கருத்து. தஞ்சாவூரும் இல்லை, கங்கைகொண்ட சோழபுரமும் இல்லை. அந்த நாட்டுக் கல்வெட்டுகள் இரண்டு மொழியில் இருக்கின்றன. சாமியைப் பாடவும் ராஜாவைப் புகழவும் சமஸ்கிருதம், நிலம், நெல், வேலையாட்கள் என்று கணக்கு வழக்கு வந்துவிட்டால் பழைய கெமர். தமிழ்க் கல்வெட்டு அங்கோர் வாட்டில் கிடையாது. நம் ஆட்கள் வெளியூர் போனால் தமிழில் எழுதாமல் வந்ததும் இல்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, சுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088ஆம் வருடத்தியது இருக்கிறது, பர்மாவின் பாகானில் இருக்கிறது, சீனாவின் சுவான்சோவில் 1281இல் வெட்டியது இருக்கிறது. வியாபாரிகளே இவ்வளவு எழுதி வைத்திருக்கும்போது, ஒரு தமிழ் ராஜா உலகிலேயே பெரிய கோவிலைக் கட்டிவிட்டு ஒரு வரி தமிழில் எழுதாமல் விட்டிருப்பானா?

கண்ணால் பார்த்தாலே போதும், வேறு எதுவும் படிக்க வேண்டியதில்லை. நான் கும்பகோணத்துக்காரி, தாராசுரம் கோவிலைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். அதுவும் 12ஆம் நூற்றாண்டு, இதுவும் 12ஆம் நூற்றாண்டு. இரண்டையும் பார்த்த எவருக்கும் ஒரே கை கட்டியது என்று தோன்றாது. நம் விமானம் தளம் தளமாக ஏறிக் குறுகும். அங்கே ஐந்து கோபுரங்களும் தாமரை மொட்டுபோலக் குவிகின்றன, நடுக்கோபுரம் 65 மீட்டர். மேருமலையைத்தான் அப்படிக் கட்டினார்கள், சுற்றியிருக்கும் அகழிதான் கடல், அந்த அகழியின் அகலம் மட்டுமே 190 மீட்டர். வெளிமதில் 1,024 மீட்டருக்கு 802 மீட்டர். வாசல் மேற்குப் பார்த்தது. கல் வந்தது புனோம் குலென் மலையிலிருந்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல். சமீபத்தில் அந்த மலையடிவாரத்தில் ஐம்பதுக்கு மேல் கல் வெட்டிய இடங்களையும், அங்கிருந்து கோவில் வரைக்கும் கல்லை மிதவையில் கொண்டுவந்திருக்கக்கூடிய கால்வாய் வழியையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்ட ஆன கல் ஐம்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தண்ணீர் வேலை முழுக்க அந்த மண்ணுக்குச் சொந்தமான மூளை. பக்கத்திலேயே மேற்கு பாராய் என்று ஓர் ஏரி, எட்டு கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம், ஆட்களை வைத்துக் கரை கட்டி எழுப்பியது, 11ஆம் நூற்றாண்டு. உங்கள் கட்டுரையில் இந்த ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, தொடர்பே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதுதான் எனக்கு ஆதங்கம். உண்மையான தொடர்பு அவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும்போது பொய்யான ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்? கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. கடல் வழியாக அது போய்ச் சேர, கெமர்கள் அதைத் தங்கள் மொழிக்கு ஏற்றபடி வளைத்து, 611ஆம் ஆண்டிலேயே கெமர் மொழியில் கல்வெட்டு பொறித்துவிட்டார்கள். 'வர்மன்' என்று பெயர் முடிவதை வைத்துத்தான் நம்மவர்கள் பாதிப் பேர் குழம்புகிறார்கள். பல்லவர், கதம்பர், இன்றைய வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டு அரசர்கள், கெமர் அரசர்கள் எல்லோருமே அந்தக் காலத்தில் வைத்துக்கொண்ட பட்டம் அது. இன்றைக்கு மைக்கேல் என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா?

ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன், அதாவது கெமர் அரசன், நட்பு வேண்டி ஒரு தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அனுப்பியவன் முதலாம் சூர்யவர்மன் என்று கொள்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை: முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் ஓர் அதிசயக் கல்லைக் காட்டினான், அந்தக் கல்லைச் சிதம்பரம் கோவிலில் பதித்தார்கள் என்று 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சிதம்பரத்திலேயே இருக்கிறது. அதாவது அங்கோர் வாட்டைக் கட்டிய சூர்யவர்மன் பட்டத்துக்கு வந்த அடுத்த வருடம். இரண்டு நாட்டு அரசர்கள் சமமாக நின்று பரிசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரை மற்றவருக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டால் கதையில் என்ன மிச்சம் இருக்கிறது? காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோவில் சிற்பங்களில், வாரிசு இல்லாமல் போன பல்லவ அரியணைக்கு வெகுதூரத்திலிருந்து ஒரு பையனைத் தேடிக் கூட்டிவரும் காட்சி இருக்கிறது, அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். அந்தத் தூரதேசம் தென்கிழக்காசியாவாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம்தான். ஆனால் நம் ஃபார்வர்டுகளில் ராஜாக்கள் எப்போதும் இங்கிருந்து அங்கேதான் போகிறார்கள், அங்கிருந்து இங்கே யாரும் வருவதே இல்லை!

உங்கள் நிருபர் அங்கோர் வாட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போய் பந்தே ஸ்ரே கோவிலைப் பார்த்திருந்தால் கட்டுரைக்கு நல்ல தலைப்பே கிடைத்திருக்கும். 967இல் குடமுழுக்கு ஆன சின்னக் கோவில், இளஞ்சிவப்புக் கல், மரத்தில் செதுக்கினாற்போல் அத்தனை நுணுக்கம். கட்டியவன் ராஜாகூட இல்லை, யக்ஞவராகன் என்ற அரசவைப் பெரியவர். அங்கே வாசல் முகப்பு ஒன்றில் சிவபெருமான் பல கைகளோடு ஆடுகிறார், காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரைக்காலிலிருந்து ஒரு பேயுருவம் கெமர் சிற்பியின் மனதுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது, யார் பாடிக் காட்டினார்கள், எந்தக் கப்பலில் போனது? இதையல்லவா எழுத வேண்டும். இதே கோவிலில்தான் 1923இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் இளைஞர் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். பின்னாளில் அவர் பிரான்சின் கலாசார அமைச்சராக ஆனார் என்பது தனிக்கதை.

அங்கோர் வாட்டை 'எங்களுடையது' என்று சொல்ல ஏற்கெனவே ஒரு பெரிய வரிசை நிற்கிறது, நாம் கடைசியாகப் போய் நிற்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் வந்த ஜப்பானிய யாத்திரிகர்கள் இது இந்தியாவில் புத்தர் தங்கிய ஜேதவனம் என்று நினைத்துக்கொண்டு வரைபடமே போட்டார்கள். 1632இல் வந்த ஒருவர் நான்கு புத்தர் சிலைகளைக் காணிக்கை வைத்த செய்தியை மையால் எழுதிவிட்டுப் போனது இன்றும் தூணில் மங்கலாகத் தெரிகிறது. 1860இல் வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி மூவோ, கிரேக்கமும் ரோமும் விட்டுச்சென்ற எதையும்விடப் பெரியது என்று வியந்தார், ஆனால் அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மக்களின் பாட்டன்மார் கட்டியது என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் அவர் போனபோது கோவில் காடு மண்டி மறந்துபோய்க் கிடக்கவில்லை, புத்த பிக்குகள் உள்ளேயே மடம் வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ராஜா ஒரு கெமர் கோவிலைப் பிரித்து எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினார், முடியாமல் போகவே பாங்காக் அரண்மனைக் கோவிலில் அங்கோர் வாட்டின் சின்ன மாதிரியைக் கட்டிவைத்தார்கள், இன்றும் அங்கே பார்க்கலாம். பிரான்ஸ் தன் பங்குக்கு 1922இல் மார்செய்யிலும் 1931இல் பாரிஸிலும் காலனிக் கண்காட்சிகளில் அங்கோர் வாட் செட் போட்டது. பிகாரில் அதேபோல ஒன்று கட்டப்போவதாக 2012இல் அறிவித்தபோது கம்போடிய அரசு எதிர்ப்புத் தெரிவித்து, பிறகு வடிவத்தை மாற்றவேண்டி வந்தது.

2003இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய்லாந்து நடிகை 'அங்கோர் வாட் தாய்லாந்துடையது' என்று சொன்னதாக வதந்தி கிளம்பியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தும் பயனில்லை, புனோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே கொளுத்திவிட்டார்கள். வன்முறை நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்த மக்களுக்கு இது எவ்வளவு நரம்பு தொட்ட விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்கள் கொடியில் இருப்பது அங்கோர் வாட். 1970களில் நாட்டையே நாசமாக்கிய கெமர் ரூஷ் ஆட்சிகூடக் கொடியில் அதன் கோபுரங்களை விடவில்லை. எல்லாம் போன ஒரு நாட்டுக்கு மிஞ்சிய ஒன்று அது.

இதெல்லாம் தெரியாமல்தான் நம் சுற்றுலாக் குழுக்கள் போகின்றன. எங்களோடு வந்த குழுவில் ஒருவர் நடு மண்டபத்தில் நின்றுகொண்டு செல்போனில் ஊருக்கு வீடியோ போட்டார், 'இது நம்ம கோவில், நம்மாளு கட்டினது, இவங்க வெச்சுக் காசு பாக்குறாங்க' என்று. வழிகாட்டி ஆங்கிலம் தெரிந்தவர், தமிழ் தெரியாது, ஆனால் கை நீட்டிய விதத்திலேயே புரிந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டேன், தமிழ்க் குழு வந்தால் 'தமிழ் ராஜா' என்று சொன்னால் சந்தோஷப்படுகிறார்கள், சொல்லிவிடுவேன் என்றார். சீனக் குழு வந்தால் என்ன சொல்வார் என்று கேட்கவில்லை. அவர்களுடைய பழங்கதையிலேயே வெளியூர்த் தொடர்புக்கு இடம் இருக்கிறது. கடல் கடந்து வந்த ஒருவன் நாக இளவரசியை மணந்துகொண்டான், அவள் அப்பா மாமனார் சீராகத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்து நிலத்தை வெளியே கொண்டுவந்து கொடுத்தார், அதுதான் இந்த நாடு என்பது கதை. கல்யாணத்தில் இன்றும் மாப்பிள்ளை பெண்ணின் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார், அது அந்தக் கதையின் நினைவு. வந்தவன் மாப்பிள்ளை, வீடு பெண்ணுடையது. இதைவிட நாகரிகமாக யாரும் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்கு உபயோகமாகச் சிலவற்றை உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்தேன், இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரே காலையில் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு மத்தியானம் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகும் பயணத் திட்டத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் ஏற்பாட்டாளர் அதைத்தான் செய்யப் பார்த்தார், சண்டை போட்டு மாற்ற வேண்டியிருந்தது. டிக்கெட் ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. ஒரு நாள் டிக்கெட்டை எடுத்துவிட்டு அடுத்த நாளும் போகவேண்டும் என்று மனசு கெஞ்சும், அப்போது கணக்குப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கவுன்டரில் நம் முகத்தைப் படம் எடுத்து டிக்கெட்டில் அச்சடித்துத் தருகிறார்கள், எனவே ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போவது நடக்காது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் இரண்டு டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது, அங்கே வைத்தியம் இலவசம். கசங்கிய, கிழிந்த டாலர் நோட்டை எவரும் வாங்கமாட்டார்கள், புது நோட்டாகக் கொண்டுபோங்கள். சில்லறையாக அந்த நாட்டுப் பணமான ரியெல் கிடைக்கும்.

உச்சிக் கோபுரத்துக்கு பாக்கான் என்று பெயர், அங்கே ஏற வேண்டுமென்றால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், மேலே துப்பட்டா போர்த்திக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார்கள். படி நெட்டுக்குத்து. என் முழங்காலுக்கு அது ஆகாது என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை. பௌத்தர்களின் விசேஷ நாட்களில் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். விடியற்காலையில் எல்லோரும் வடக்குப் பக்கக் குளத்தங்கரையில் சூரிய உதயத்துக்கு முட்டி மோதுகிறார்கள். சூரியன் வந்ததும் கூட்டம் மொத்தமும் காலை டிபனுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும், அந்த நேரம்தான் சுவர்ச் சிற்பங்களைப் பார்க்கத் தோதான நேரம்.

சுவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். மேற்கு வாசலில் நுழைந்து சிற்ப மண்டபத்தை அடைந்ததும் நம்மவர்கள் கோவில் பழக்கத்தில் பிரதட்சிணமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே கதை அப்பிரதட்சிணமாக ஓடுகிறது. இது சாவோடு சம்பந்தப்பட்ட கோவிலாக, ராஜாவின் இறுதிக் கோவிலாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்று கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே வலது பக்கம் திரும்புங்கள். முதலில் வருவது குருட்சேத்திரம். இரண்டு படைகளும் இரண்டு பக்கத்திலிருந்து ஒழுங்காக நடந்துவந்து நடுவில் மோதி ஒரே குழம்பாகிவிடுகின்றன, பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், அர்ச்சுனனுக்குத் தேரோட்டும் கிருஷ்ணருக்கு நான்கு கை. மூலை திரும்பித் தெற்குச் சுவருக்கு வந்தால் அங்கே சூர்யவர்மனே உட்கார்ந்திருக்கிறான், சுற்றிலும் குடையும் விசிறியுமாக. பிறகு யானைமேல் படையோடு போகிறான், தலைக்குமேல் பதினைந்து குடை. கூடவே போகும் தளபதிகளுக்கெல்லாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறது, பழைய கெமரில்தான். 'சியாம் குக்' என்று பெயர் போட்ட ஒரு படைப்பிரிவு வருகிறது, சடையும் குஞ்சமுமாக, வரிசை ஒழுங்கே இல்லாமல். கட்டியவன் யார் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு சுவர் போதும், அவனே தன் படத்தைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்து எமலோகம். எருமைமேல் பல கையோடு எமன், பக்கத்தில் சித்ரகுப்தன், கீழே நரகங்கள் முப்பத்திரண்டு. மேலே சொர்க்கத்தில் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நரகத்தில்தான் சிற்பிக்குக் கை பறந்திருக்கிறது. கிழக்குச் சுவரில் பாற்கடல் கடைவது, கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. வாசுகியை ஒரு பக்கம் 92 அசுரர்களும் மறுபக்கம் 88 தேவர்களும் பிடித்து இழுக்கிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அத்தனை பேரின் கால் கெண்டையும் ஒரே தாளத்தில் முறுக்கேறி நிற்கும். நடுவில் விஷ்ணு, அடியில் ஆமை, கீழே கடலில் மீனும் முதலையும் மத்துக்கு அருகில் வர வரத் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன. அந்த மீன்களை யாரும் கவனிப்பதில்லை, கொஞ்சம் குனிந்து பாருங்கள். வடக்குச் சுவரை வேகமாகக் கடந்துவிடலாம், அது 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, கை அவ்வளவு தேர்ச்சியில்லை. கடைசியாக மறுபடி மேற்கில் இலங்கைப் போர், அனுமார் தோளில் ராமர், பத்துத் தலை ராவணன் தேரில். குரங்குகள் கடிக்கிற கடியைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெமர் மக்களுக்கு என்று தனி ராமாயணம் உண்டு. அதில் ராவணனின் மகளான கடல்கன்னியிடம் அனுமார் காதல் வயப்படுகிறார், நம் பாட்டிகள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

தொடாதீர்கள். தேவதைச் சிற்பங்கள் மட்டும் 1,700க்கு மேல் இருக்கின்றன, தலையலங்காரம் ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு. கை எட்டும் உயரத்தில் இருப்பவற்றின் மார்பெல்லாம் ஆட்கள் தடவித் தடவிக் கறுத்துப் பளபளக்கிறது. எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல முடியாது, எல்லா ஊர்க்காரர்களும்தான். மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கையோடு ஒரு பெரிய விஷ்ணு நிற்கிறார். மஞ்சள் துணி கட்டி, ஊதுபத்தி ஏற்றி, வாழைப்பழம் வைத்து ஊர்ஜனங்கள் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு அவர் தா ரீச், ஊர்க்காவல் சாமி. கும்பிடுகிறவர்கள் பௌத்தர்கள். 'பாத்தியா, விஷ்ணுவை புத்தர் ஆக்கிட்டாங்க' என்று பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார், யாரும் ஆக்கவில்லை ஐயா, எண்ணூறு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு உண்மையாகவே பெருமைப்பட ஒன்று வேண்டுமென்றால் இதை எழுதுங்கள். கெமர் ரூஷ் கொடுமை முடிந்து, உள்நாட்டுச் சண்டை ஓயாமல், கண்ணிவெடி அகற்றாமல் கிடந்த காலத்தில், உலகத்தில் பாதி நாடுகள் அந்த அரசை அங்கீகரிக்கவே மாட்டோம் என்று நின்றபோது, நம் தொல்லியல் துறை 1986இல் போய் 1993 வரை அங்கோர் வாட்டில் வேலை செய்தது. அதைச் சும்மா புகழ்ந்தும் விடாதீர்கள். ரசாயனம் போட்டுக் கல்லைச் சுரண்டிக் கழுவியதில் மேற்பரப்பு பாதிக்கப்பட்டது, சிமென்டைத் தாராளமாகப் பூசினார்கள் என்று கடுமையான விமர்சனம் உண்டு. பிறகு தா ப்ரோம் கோவிலில் மரவேரும் கல்லும் பின்னிக் கிடக்கும் இடத்தில் அதே துறை பொறுமையாகச் செய்த வேலையையும் பார்த்தேன், முன்னைக்கு இப்போது நிறைய மாறியிருக்கிறார்கள். பக்கத்தில் பாபுவான் கோவிலைப் பிரெஞ்சுக்காரர்கள் சரிசெய்ய மூன்று லட்சம் கல்லைப் பிரித்து எண் போட்டு அடுக்கிவைத்தார்கள், போர் வந்தது, எண் எழுதிய காகிதங்கள் 1975இல் அழிந்துபோயின, மறுபடி ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து 2011இல்தான் முடித்தார்கள்.

ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்திருக்கலாம். 2022இலிருந்து அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் குடியிருந்த சுமார் பத்தாயிரம் குடும்பங்களை வெளியே ருன் தா ஏக் என்ற இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாகவே சம்மதித்துப் போகிறார்கள் என்பது அரசாங்கத்தின் பேச்சு, கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியின் அறிக்கை. கோவிலைச் சுற்றி மாங்காயும் சோளமும் விற்றுப் பிழைத்த பெண்களின் பாடு இதில்தான் இருக்கிறது. 1296இல் வந்து ஒரு வருடம் தங்கிய சீனத் தூதர் சோ தாகுவான், இந்த ஊரில் சந்தை வியாபாரமெல்லாம் பெண்கள் கையில்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். இன்றும் அப்படித்தான், நான் வாங்கிய எதையும் ஓர் ஆணிடம் வாங்கியதாக ஞாபகமில்லை.

எனவே நான் கேட்பது இரண்டு. 'தமிழ் மன்னன்' என்று போட்டதற்கு அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் இல்லை, கட்டுரை வந்த அதே பக்கத்தில். சிதம்பரத்தில் பதித்த அந்தக் காம்போஜக் கல்லைப் பற்றி விஷயம் தெரிந்த ஒரு கல்வெட்டு ஆய்வாளரிடம் கேட்டு ஒரு கட்டுரை வாங்கிப் போடுங்கள், கும்பகோணத்திலிருந்து ஓர் ஆளாவது காத்திருந்து படிப்பேன்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடமில்லையென்றால் டாலர், டிக்கெட், முழங்கால் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். தெற்குச் சுவரையும் 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கும்பகோணம்.